கடலுக்குள் பைல் போடுவது: லைனர் இறக்குவதிலிருந்து தலையை உடைப்பது வரை

நிலத்தில் ஒரு பைல் (கட்டுமானத்தைத் தாங்க மண்ணுக்குள் ஆழமாக இறக்கும் அடித்தளத் தூண்) கெட்டுப்போனால் பக்கத்தில் இன்னொன்றைப் போட்டு, பைல்களின் தலைகளை இணைக்கும் பைல் கேப்பைச் சற்று அகலப்படுத்திச் சமாளித்துவிடலாம். கடலில் அதே வேலைக்குத் துளையிடும் இயந்திரமான ரிக்கைத் திரும்ப நகர்த்தி, மேடையை மறுபடி அமைத்து, கடல் அமைதியாகும் நாளுக்குக் காத்திருக்க வேண்டியிருக்கும். அதற்குள் அடுத்த வரிசையின் வேலை தொடங்கியிருந்தால் திரும்பிவரவே வழியிருக்காது. ஆகவே கடலில் பைல் போடுகிறவர் முதல் முறையே சரியாகப் போட்டாக வேண்டும். ஆனால் அந்த வேலையில் எதையும் கண்ணால் பார்க்க முடியாது. துளையின் அடி, கம்பிக் கூட்டின் கீழ்முனை, கான்கிரீட் ஏறும் மட்டம் எல்லாமே கலங்கிய நீருக்கு அடியில் இருப்பதால், அளவு நாடாவும் குறிப்பேடும்தான் கண்ணின் வேலையைச் செய்கின்றன. கீழே சொல்லப்படும் ஒவ்வொரு படியிலும் எதை அளப்பது, எப்போது அளப்பது என்பதற்கே அதிக இடம் கொடுத்திருப்பதற்குக் காரணம் அதுதான்.

இங்கே எடுத்துக்கொள்வது இரும்பு லைனரை, அதாவது துளைக்கான உறைக்குழாயை, நிரந்தரமாக விட்டுவிட்டு, அதற்குள் துளையிட்டுக் கான்கிரீட் நிரப்பும் முறை. கப்பல் அணையும் மேடைகளுக்கும் கடற்பாலங்களின் அடித்தளத்துக்கும் நடுத்தர ஆழத்தில் பரவலாகக் கையாளப்படும் முறை இது. கணக்குகளுக்கு எடுத்துக்காட்டாக 1.2 மீட்டர் விட்டமும், துளையின் அடியிலிருந்து கான்கிரீட்டின் தலை வரை 35 மீட்டர் நீளமும் கொண்ட ஒரு பைலை வைத்துக்கொள்வோம்.

ஓதமும் மட்டங்களும்

கடலில் தொடங்கும் எந்த வேலையிலும் முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டியது, எந்த மட்டத்திலிருந்து அளக்கிறோம் என்பது. கடல் வரைபடங்களில் ஆழங்கள் சார்ட் டேட்டம் எனப்படும், கடல்நீர் பெரும்பாலும் அதற்குக் கீழே இறங்காத ஒரு தாழ்மட்டத்திலிருந்து குறிக்கப்படுகின்றன. நில அளவையாளர்களோ சராசரிக் கடல்மட்டத்தைக் கொண்டு அளக்கிறார்கள். இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு இடத்துக்கு இடம் மாறும். வடிவமைப்பு வரைபடம் ஒரு மட்டத்திலும் துளை மண் ஆய்வு அறிக்கை மற்றொரு மட்டத்திலும் இருந்தால், பாறை இருக்கும் ஆழம் ஒரு மீட்டருக்கும் மேல்கூடத் தவறிப்போகலாம். எல்லா ஆவணங்களையும் ஒரே மட்டத்துக்கு மாற்றி, அந்த மாற்று எண்ணை வேலைத்தளத்தின் ஒவ்வொரு குறிப்பேட்டின் முதல் பக்கத்திலும் எழுதி வைத்துவிட வேண்டும்.

அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாட்களில் ஓதம், அதாவது கடல்நீரின் ஏற்ற இறக்கம், பெரிதாகி நீர் மிக உயர்ந்து மிகத் தாழும்; இதுவே பேரோதம். நீரோட்டமும் அப்போதுதான் வலுவாக இருக்கும். அட்டமியை ஒட்டிய நாட்களில் இரண்டும் அடங்கியிருக்கும். லைனர் இறக்குவது போன்ற, நீரோட்டம் இழுத்தால் கெட்டுப்போகும் வேலைகளை அட்டமி வாரத்தில் வைத்துக்கொள்வதும், தாழ்ந்த நீரில் மட்டும் கை எட்டும் வேலைகளைப் பேரோத நாட்களுக்கு ஒதுக்குவதும் நல்ல திட்டமிடலாகும். ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்: ஓத அட்டவணை நீரின் உயரத்தைத்தான் சொல்கிறது, ஓட்டம் எப்போது நிற்கும் என்பதைச் சொல்வதில்லை. நீர் மிக உயர்ந்திருக்கும் அதே நிமிடத்தில் ஓட்டமும் நின்றுவிடும் என்று எண்ணிக்கொள்ளக் கூடாது. பல முகத்துவாரங்களில் இரண்டுக்கும் இடையே கணிசமான நேர வேறுபாடு உண்டு. சில நாட்கள் ஒரு மிதவையைக் கட்டிவிட்டு, ஓட்டம் திரும்பும் நேரத்தைக் குறித்துவந்தால் போதும், அந்த இடத்தின் பழக்கம் பிடிபட்டுவிடும்.

லைனரை நிறுத்துவது

லைனரின் மேல்முனை எவ்வளவு உயரத்தில் நிற்க வேண்டும் என்பதை உயர் ஓதமும் அலையும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. உயர் ஓத மட்டத்துக்கு மேல் குறைந்தது ஒன்றரை மீட்டர் உயரத்துக்கு உள்ளே குழம்பு (துளையின் சுவர் சரியாமல் தாங்கும் பெண்டோனைட் களிமண் கரைசல்) நிற்க வேண்டும் என்பதால், லைனர் அதைவிட உயரமாக, அலை உள்ளே சிதறாத அளவுக்கு நிற்க வேண்டும். கீழ்முனை தளர்ந்த மண்ணை முழுவதும் கடந்து, இறுகிய களிமண்ணிலோ சிதைந்த பாறையின் மேற்பரப்பிலோ போய் அமர வேண்டும். மணலிலேயே நின்றுவிட்ட லைனர் பின்னால் வரும் எல்லாத் தொல்லைகளுக்கும் தொடக்கமாகிவிடுவதால், அதிர்வுச் சுத்தியல் மேற்கொண்டு இறக்காத நிலையிலும் லைனருக்குள் இருக்கும் மண்ணைச் சற்று எடுத்துவிட்டு மறுபடி அடித்துப் பார்ப்பது நல்லது.

லைனரை இரண்டு மட்டங்களில் பிடிக்கும் வழிகாட்டிச் சட்டத்துக்குள் நிறுத்தி, ஒன்றுக்கொன்று செங்கோணமாக இருக்கும் இரு திசைகளிலிருந்து செங்குத்தைச் சரிபார்க்க வேண்டும். செங்குத்திலிருந்து 1.5 சதவீத விலகல் வரை பொதுவாக ஏற்றுக்கொள்ளப்படுகிறது. ஆனால் 24 மீட்டர் நீள லைனரில் அந்த 1.5 சதவீதம் என்பது கீழ்முனையில் 360 மில்லிமீட்டர் விலகல். அனுமதிக்கப்பட்ட எல்லை என்பதற்காக அதை முழுவதும் பயன்படுத்திக்கொள்ள நினைப்பது புத்திசாலித்தனம் அல்ல. முதல் மூன்று மீட்டருக்குள் சாய்வு தெரிந்தால் பிடுங்கி மறுபடி நிறுத்துவதே எளிது. பத்து மீட்டர் இறங்கிய பிறகு கயிறு கட்டி இழுத்து நேராக்கினால், நேராவது மேல்பகுதி மட்டும்தான்.

நிறுத்திய லைனரைத் தனியாக விட்டுவிட்டுப் போகக் கூடாது. ஓடும் நீரில் தனித்து நிற்கும் குழாயின் இருபுறமும் மாறி மாறிச் சுழல்கள் உதிர்கின்றன. அவை உதிரும் வேகம் குழாயின் இயல்பான அதிர்வோடு பொருந்திவிட்டால் குழாய் ஆடத் தொடங்கும். நொடிக்கு 1.5 மீட்டர் ஓட்டத்தில் 1.2 மீட்டர் விட்டக் குழாய்க்கு ஏறத்தாழ நான்கு நொடிக்கு ஒரு முறை குறுக்குத் தள்ளல் வரும். ஓட்டத்தின் திசையிலேயே முன்னும் பின்னுமாக ஏற்படும் ஆட்டமோ அதைவிடக் குறைந்த வேகத்திலேயே தொடங்கிவிடும். இங்கிலாந்தின் ஹம்பர் முகத்துவாரத்தில் இம்மிங்ஹாம் எண்ணெய் முனையம் 1960களின் இறுதியில் கட்டப்பட்டபோது, தலை கட்டப்படாமல் நின்ற பைல்கள் இப்படி ஆடியதுதான் பொறியாளர்கள் இந்தச் சிக்கலைத் தீவிரமாக ஆராயக் காரணமாயிற்று. தீர்வு எளிமையானது: லைனர் நின்ற அன்றே, அடுத்த ஓதம் திரும்புவதற்குள், பக்கத்து லைனர்களோடு இரும்புச் சட்டங்களால் பிணைத்துவிட வேண்டும்.

துளையும் நீர்மட்டமும்

லைனருக்குக் கீழே துளையின் சுவரைத் தாங்கி நிற்பது உள்ளேயிருக்கும் குழம்பின் அழுத்தம் மட்டுமே. நிலத்தில் நிலத்தடி நீர்மட்டம் ஏறக்குறைய நிலையாக இருக்கும். கடலில் வெளிமட்டம் ஏறக்குறைய ஆறு மணி நேரம் ஏறி, அடுத்த ஆறு மணி நேரம் இறங்குகிறது. ஓத வேறுபாடு 3 மீட்டர் உள்ள ஓரிடத்தில், தாழ்ந்த நீர் நேரத்தில் உள்மட்டம் வெளிமட்டத்தைவிட ஒன்றரை மீட்டர் உயரமாக இருப்பதைப் பார்த்து நிம்மதியடைந்து ரிக் இயக்குநர் உணவுக்குப் போய்விட்டால், ஆறு மணி நேரத்தில் வெளியே நீர் உள்மட்டத்தைவிட ஒன்றரை மீட்டர் உயர்ந்துவிடும். அழுத்தம் திசை மாறி, லைனரின் கீழ்முனையைச் சுற்றி மணல் உள்ளே கொப்பளித்து வரும். நேர்மாறாக, உள்மட்டத்தை எப்போதும் உயர் ஓதத்துக்கு ஒன்றரை மீட்டர் மேலேயே வைத்தால், தாழ்ந்த நீரில் வேறுபாடு 4.5 மீட்டராகிவிடும், லைனர் போதிய ஆழம் இறங்காதிருந்தால் குழம்பு அதன் அடிவழியே வெளியேறக்கூடும். இரண்டாவது ஆபத்தை லைனரின் ஆழத்தைக் கூட்டித் தவிர்க்கலாம். முதல் ஆபத்துக்கு இரவு பகல் பாராமல் மட்டத்தைக் கவனிக்கும் ஓர் ஆள் தேவை. லைனரின் உள்ளேயும் வெளியேயும் அளவுகோல் வரைந்து, அரை மணிக்கு ஒரு முறை இரண்டு எண்களையும் எழுதச் செய்வது போதும்.

பெண்டோனைட்டைக் கடல்நீரில் கரைக்கக் கூடாது. உப்பிலுள்ள அயனிகள் களிமண் தகடுகளை உப்பவிடாமல் ஒன்றோடொன்று திரளச் செய்வதால், குழம்பு தன் பிடிப்பை இழந்து அடியில் படிந்துவிடும். நன்னீரில் கலந்து, ஒரு நாள் ஊறவைத்த பிறகே பயன்படுத்த வேண்டும். துளைக்குள் கடல்நீர் கசியும் இடங்களில் அதன் தன்மையை அடிக்கடி சோதிக்க வேண்டும். லைனர் பாறையில் இறுக அமர்ந்துவிட்ட இடத்தில் குழம்பே தேவையில்லை, கடல்நீரின் மட்டத்தை உயர்த்தி வைத்தே துளையிடலாம். அப்படிச் செய்ய முடிந்தால் அதுதான் மேல், ஏனென்றால் பயன்படுத்திய பெண்டோனைட்டைக் கடலில் கொட்டக் கூடாது. அதைப் பார்ஜ் என்னும் தட்டைப் படகில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுவரும் வேலை எதிர்பார்ப்பதைவிடப் பெரியது.

பாறையை அடைந்துவிட்டோமா என்ற கேள்விக்கு ரிக்கின் சத்தத்தை வைத்து விடை சொல்பவர்கள் உண்டு. அனுபவம் மிக்க இயக்குநரின் காது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஆயினும் ஒவ்வொரு அரை மீட்டருக்கும் வெளிவரும் துகள்களைப் பையில் போட்டு, ஆழமும் நேரமும் எழுதி, அருகிலுள்ள ஆய்வுத் துளையின் மாதிரியோடு ஒப்பிட்ட பிறகே துளையை நிறுத்த வேண்டும். உருண்டைப் பாறை ஒன்றின் மேல் நின்றுகொண்டு அடிப்பாறை என்று நினைத்துவிடுவதைத் தவிர்க்க வேறு வழியில்லை.

துளை முடிந்ததும் அடியைச் சுத்தம் செய்து, தட்டையான அடியுள்ள குண்டைச் சங்கிலியில் கட்டி, நடுவிலும் விளிம்பைச் சுற்றி நான்கு இடங்களிலும் இறக்கிப் பார்க்க வேண்டும். பாறையில் குண்டு தட்டென்று நிற்கும். சேற்றில் மெத்தென்று அமர்ந்து, தூக்கும்போது சற்றே பிடித்து இழுக்கும். இந்த வேறுபாட்டைக் கை ஒரே நாளில் கற்றுக்கொள்ளும். படிவு 50 மில்லிமீட்டருக்குள் வரும்வரை காற்றழுத்தக் குழாயால் இழுத்து வெளியேற்ற வேண்டும். குழம்பின் அடர்த்தி, துளையின் அடியில் எடுத்த மாதிரியில், 1.12க்கு மேல் இருந்தால் கான்கிரீட்டுக்கு அனுமதி தரக் கூடாது. மேலே எடுத்த மாதிரி எப்போதும் நன்றாகவே இருக்கும். அதைக் காட்டி அனுமதி கேட்பவரிடம் அடியின் மாதிரியைக் கேட்க வேண்டும்.

கம்பிக் கூடு

இதில் சொல்ல அதிகமில்லை. கூட்டை எத்தனை துண்டுகளாக இறக்குகிறோமோ அத்தனை இணைப்புகளுக்கான நேரமும் துளை காத்திருக்கிறது. அந்த நேரம் முழுவதும் படிவு அடியில் சேர்ந்துகொண்டே இருக்கிறது. எனவே கிரேன் தூக்கும் அளவுக்கு நீளமான துண்டுகளாகக் கட்டி, திருகு இணைப்பிகளைக் கரையிலேயே பொருத்திப் பார்த்துவிட வேண்டும். கம்பியை மூடி நிற்கும் 75 மில்லிமீட்டர் கான்கிரீட் மறைப்புக்கான உருளைக் கட்டைகளை மூன்று மீட்டருக்கு ஒரு வரிசையாக வைக்க வேண்டும். கான்கிரீட்டின் தரத்தை ஒலி அலையால் அறியும் ஒலிச் சோதனைக்கான குழாய்கள், 1.2 மீட்டர் பைலில் நான்கு, கூட்டின் உட்புறம் கட்டப்பட்டு, கான்கிரீட்டுக்கு முன்பே நீரால் நிரப்பப்பட வேண்டும். கூடு இறங்கிய பின் குண்டை மறுபடி இறக்கிப் பார்ப்பது கட்டாயம்; படிவு கூடியிருந்தால், கான்கிரீட்டைத் துளையின் அடிவரை கொண்டுசெல்லும் ட்ரெமி குழாய் வழியாகவே மறுபடி சுத்தம் செய்ய வேண்டும்.

கான்கிரீட் இறக்கும் ஐந்து மணி நேரம்

எடுத்துக்காட்டுப் பைலின் குறுக்குப் பரப்பு 1.131 சதுர மீட்டர். 35 மீட்டருக்கு 39.6 கன மீட்டர் கான்கிரீட் தேவை. 6 கன மீட்டர் கலவை வண்டி ஒன்று 5.3 மீட்டர் உயரத்தை நிரப்பும். ஏழு வண்டிகள் வேண்டும். கரையிலிருந்து பார்ஜிலோ தற்காலிகப் பாலத்திலோ ஒரு வண்டி வந்து இறக்க நாற்பது நிமிடம் என்றால் மொத்தம் ஏறக்குறைய ஐந்து மணி நேரம். முதல் வண்டியின் கான்கிரீட்டில் ஒரு பகுதி, பின்னால் வருவதால் மேலே தள்ளப்பட்டு, பெரும்பாலும் கடைசியில் பைலின் தலைக்கே வந்து சேர்கிறது. ஆகவே அது ஐந்து மணி நேரத்துக்குப் பிறகும் இளகியே இருக்க வேண்டும். ஏழு மணி நேரமாவது உறையாதபடி தாமதப்படுத்தியைச் சேர்த்து, அதைச் சோதனைக் கலவையில், வேலை நடக்கும் அதே வெப்பநிலையில் உறுதிசெய்துகொள்ள வேண்டும். நீருக்கடியில் இறக்கும் கான்கிரீட்டில் கன மீட்டருக்குக் குறைந்தது 400 கிலோ சிமென்ட் சார் பொருளும், 180 முதல் 220 மில்லிமீட்டர் வரை சரிவும் (கலவையின் இளக்கத்தைக் காட்டும் ஸ்லம்ப் அளவு) இருக்கட்டும். இந்தக் கான்கிரீட்டை யாரும் அதிர்வுக் கருவியால் இறுக்கப்போவதில்லை, தன் எடையாலேயே அது பரவ வேண்டும்.

முதல் இறக்கத்துக்கான அளவைக் கணக்கிடாமல் தொடங்கும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. ட்ரெமி குழாயின் நுனி துளையின் அடியிலிருந்து 300 மில்லிமீட்டர் மேலே தொங்குகிறது. முதல் வீச்சிலேயே நுனி ஒன்றரை மீட்டராவது கான்கிரீட்டுக்குள் புதைய வேண்டும். அதற்கு 1.8 மீட்டர் உயரம், அதாவது 2.04 கன மீட்டர். அதோடு, வெளியே நிற்கும் 33 மீட்டர் குழம்பின் அழுத்தத்துக்கு ஈடுகொடுக்க, குழாய்க்குள் ஏறத்தாழ 15 மீட்டர் உயரத்துக்குக் கான்கிரீட் நிற்கும். 250 மில்லிமீட்டர் குழாயில் அது 0.74 கன மீட்டர். ஆக 2.8 கன மீட்டர் தடையின்றி இறங்க வேண்டும். ஒரு கன மீட்டர் தொட்டியை மட்டும் நிரப்பித் திறந்துவிட்டால், நுனி மூடப்படுவதற்கு முன்பே குழம்பு குழாய்க்குள் ஏறி, பைலின் மிக முக்கியமான அடிப்பகுதியில் சிமென்ட் கழுவப்பட்ட கல் மட்டுமே மிஞ்சும்.

அதன்பின் ஒவ்வொரு வண்டிக்கும் இரண்டு எண்களை ஒப்பிட்டுக்கொண்டே போக வேண்டும்: கணக்குப்படி ஏற வேண்டிய மட்டம், குண்டு காட்டும் மட்டம். மூன்று வண்டிகளில் 18 கன மீட்டர் இறங்கிய பிறகு கான்கிரீட் 15.9 மீட்டர் ஏறியிருக்க வேண்டும். குண்டு 14.8 காட்டினால், துளை சில இடங்களில் அகன்றிருக்கிறது, கான்கிரீட் ஏழெட்டுச் சதவீதம் கூடுதலாகச் செலவாகியிருக்கிறது என்று பொருள். அதனால் பைலுக்குக் கேடில்லை. 17 காட்டினால்தான் பயப்பட வேண்டும். கான்கிரீட் போக வேண்டிய இடத்தில் சரிந்த மண் உட்கார்ந்திருக்கிறது என்பதற்கான முதல் அறிகுறி அது. செலவு மிச்சமானதாகக் கணக்கெழுதி மகிழ்ந்த பைல்களில்தான் பின்னால் ஒலிச் சோதனை குறை காட்டும்.

குழாயின் நுனி எப்போதும் இரண்டு முதல் ஆறு மீட்டர் வரை கான்கிரீட்டுக்குள் புதைந்திருக்க வேண்டும். குறைந்தால் வெளியே வந்துவிடும் ஆபத்து. கூடினால் கான்கிரீட் இறங்காது, குழாயே சிக்கிக்கொள்ளலாம். இறக்கிய குழாய்த் துண்டுகளின் நீளங்களை இறக்கிய வரிசையிலேயே எழுதி, கழற்றும்போது தலைகீழ் வரிசையில் அடித்துக்கொண்டே வர வேண்டும். எல்லாத் துண்டுகளும் மூன்று மீட்டர் என்று மனக்கணக்குப் போட்ட ஓர் இரவில், நடுவே இருந்த ஒன்றரை மீட்டர்த் துண்டு ஒன்று மறந்துபோய், நுனி வெளியே வந்ததை நான் பார்த்திருக்கிறேன். அப்படி நேர்ந்தால் குழாயை மறுபடி உள்ளே செருகி ஒன்றும் நடக்காததுபோல் தொடர்வதுதான் ஆகக் கெட்ட முடிவு, ஏனெனில் குழாயிலிருக்கும் குழம்பும் மேலே மிதக்கும் சேறும் பைலின் குறுக்கே ஓர் அடுக்காக நின்றுவிடும். தொடங்கிச் சிறிது நேரமே ஆகியிருந்தால் கூட்டைத் தூக்கி, துளையைச் சுத்தம் செய்து புதிதாகத் தொடங்க வேண்டும். பாதிக்கு மேல் ஏறியிருந்தால் வேலையை நிறுத்தி, ஆழத்தையும் நேரத்தையும் எழுதி வைத்து, வடிவமைப்பாளரின் முடிவுக்கு விட வேண்டும்.

தலைமட்டத்துக்கு மேல் 600 மில்லிமீட்டர் முதல் ஒரு மீட்டர் வரை கூடுதலாக நிரப்பி நிறுத்த வேண்டும். சேறு கலந்த அந்தப் பகுதியைப் பின்னால் சிறிய உடைப்பான்களால் கல் தெளிவாகத் தெரியும் வரை உடைத்தெடுக்க வேண்டும். கனமான உடைப்பானைக் கொண்டு அவசரப்பட்டால் நல்ல கான்கிரீட்டிலும் விரிசல் இறங்கும். ஒலிச் சோதனையில் நல்ல கான்கிரீட்டில் அலை நொடிக்கு ஏறத்தாழ 4,000 மீட்டர் வேகத்தில் போகும். ஓர் ஆழத்தில் வேகம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால், கான்கிரீட் இறக்கிய குறிப்பேட்டில் அந்த ஆழத்துக்குரிய வரியைத் தேடிப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் காரணம் அங்கேயே எழுதியிருக்கும்.

நனைந்து காயும் பகுதி

கடல் நடுவே நிற்கும் பைலின் ஆயுளைத் தீர்மானிப்பது, தாழ் ஓதத்துக்கும் அலை தெறிக்கும் உயரத்துக்கும் இடையிலுள்ள சில மீட்டர்கள்தாம். எப்போதும் மூழ்கியிருக்கும் பகுதியில் குளோரைடு புகுந்தாலும் ஆக்சிஜன் போதாமையால் கம்பி மெதுவாகவே துருப்பிடிக்கிறது. நனைந்து நனைந்து காயும் பகுதியில் ஒவ்வொரு முறையும் உப்பு உள்ளே தங்குகிறது. காற்றும் தாராளமாகக் கிடைக்கிறது. துருவின் கன அளவு இரும்பைவிடப் பல மடங்கு பெரியதாகையால் மறைப்புக் கான்கிரீட் பிளந்து உதிர்கிறது.

லைனர் இருக்கிறதே என்று நம்பி மறைப்பைக் குறைக்கக் கூடாது. லைனர் வேலைக்கான அச்சு மட்டுமே. தெறிப்புப் பகுதியில் அது சில பத்தாண்டுகளில் அரித்துப்போகும். தாழ்ந்த நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சில துறைமுகங்களில் நுண்ணுயிர்களின் துணையோடு ஆண்டுக்கு அரை மில்லிமீட்டருக்கும் மேல் இரும்பு கரைந்துபோவதும் உண்டு. நீர் சிமென்ட் விகிதத்தை 0.40 அளவில் நிறுத்துவதும், சிமென்டின் ஒரு பங்குக்குப் பதிலாகக் கொதியுலைக் கசடோ நிலக்கரிச் சாம்பலோ சேர்ப்பதும், இந்தப் பகுதிக்குள் கட்டுமான இணைப்பு விழாமல் பார்த்துக்கொள்வதும்தான் மலிவான, உறுதியான பாதுகாப்பு. பைல் கேப்பை நன்னீரால் மட்டுமே பதப்படுத்த வேண்டும்.

கம்பியின் மேல் பூசும் எப்பாக்ஸி பிசின் பற்றி எனக்கு எச்சரிக்கை உண்டு. அமெரிக்காவின் புளோரிடா கீஸ் பகுதியில் எப்பாக்ஸி பூசிய கம்பிகளோடு கட்டப்பட்ட கடற்பாலங்களின் அடிக்கட்டுமானத்தில், திறந்து ஏழெட்டு ஆண்டுகள்கூட ஆகாத 1986ஆம் ஆண்டிலேயே துரு கண்டுபிடிக்கப்பட்டது. பூச்சில் சிறு கீறல் இருந்தாலும் அரிப்பு அங்கேயே குவிகிறது. பூச்சுக்கு அடியிலும் பரவுகிறது. மெக்சிகோவின் யுகாத்தான் கரையிலுள்ள புரோக்ரெசோ துறை மேடை 1940களின் தொடக்கத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளைக் கொண்டு கட்டி முடிக்கப்பட்டு இன்றும் நிற்கிறது. அதன் பக்கத்தில் பின்னாளில் சாதாரணக் கம்பியால் கட்டப்பட்ட மேடை அழிந்துவிட்டது. பைல் முழுவதற்கும் அந்த எஃகைப் போட்டால் செலவு தாங்காது. தெறிப்புப் பகுதிக்குள் வரும் சில மீட்டர் கூட்டுக்கு மட்டும் போடுவதை வடிவமைப்பாளரிடம் கேட்டுப் பார்க்கலாம்.

மேல்தளத்தைப் பற்றி ஒரு சொல். புயலில் உயரும் நீரின் மேல் வரும் அலையின் முகடு தளத்தின் அடியைத் தொடக் கூடாது. 2004இல் ஐவன் சூறாவளியின்போது புளோரிடாவின் எஸ்காம்பியா விரிகுடாப் பாலத்தின் தளங்கள் அப்படித்தான் அடியிலிருந்து தூக்கப்பட்டு விழுந்தன. உயர்த்த முடியாத இடத்தில் உத்தரங்களுக்கு இடையே காற்று அடைபடாதபடி துளைகள் விட்டு, தளத்தைத் தாங்கிகளோடு பிணைக்க வேண்டும்.

பைல்கள் முடிந்த பிறகு செய்ய வேண்டிய அளவு ஒன்று மிச்சமிருக்கிறது. ஓடும் நீரில் நிற்கும் உருண்டைத் தூணைச் சுற்றி மணல் தோண்டப்படும் ஆழம், சராசரியாக விட்டத்தின் 1.3 மடங்கு, எடுத்துக்காட்டுப் பைலுக்கு ஒன்றரை மீட்டருக்கு மேல், சில சமயம் விட்டத்தின் இரு மடங்குக்கும் அருகில். வேலை முடிந்த அன்று ஒவ்வொரு பைலைச் சுற்றியும் கடல்தரையின் மட்டத்தை அளந்து எழுதிவிட்டு, முதல் பெரும்புயலுக்குப் பின் கூடிய விரைவில் மறுபடி அளக்க வேண்டும். புயல் உச்சத்தில் தோண்டிய குழியை, அடங்கும் அலைகளே மணல் கொண்டுவந்து பாதிக்கு நிரப்பிவிடுவதால், ஒரு வாரம் கழித்து அளப்பவருக்குக் கிடைப்பது உண்மையான ஆழம் அல்ல. குண்டு இறங்கும்போது மேலே புதிதாகப் படிந்த தளர்ந்த மணலைத் தாண்டி எவ்வளவு அமிழ்கிறது என்பதையும் அந்தக் குறிப்பில் சேர்த்து எழுத வேண்டும்.